பாதி முகத்துக்கு யார் பொறுப்பு

1

இந்தக் கதை ஒரு கழிப்பறையைத் தேடிப் போனதில் தொடங்கியது. இதைவிடக் கௌரவமான தொடக்கம் ஒன்றை யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவசரத்தில் கண்ணில் பட்ட பெரிய கட்டடம் ஒரு நாடக அரங்கம். வாசலில் நின்ற காவலாளி, "கண்காட்சி பார்க்க வர்றவங்களுக்கு மட்டும்தான் உள்ள அனுமதி" என்றார். "கண்காட்சி பார்க்கத்தான் வந்தேன்" என்றேன். கதை எழுதுகிறவனுக்கு இந்த அளவு பொய்யாவது வர வேண்டும்.

போன காரியம் முடிந்ததும், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவோம் என்று கண்காட்சிக்குள் நுழைந்தேன். முதல் சுவரில் கண்ணாடிக்குள் ஒரு பெரிய வரைபடம். குறுக்கே நீளநீளமாகக் குழாய்கள், குழாய்களில் வரிசையாக என்னென்னவோ தொங்கின, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு கீழே இறங்கியது. எங்கிருந்து வருகிறேன் என்பதை வைத்து, கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் வரைபடம் என்று முடிவு செய்தேன். "நல்லா பராமரிக்கிறாங்க" என்று வாய்விட்டுப் பாராட்டியும் விட்டேன்.

பக்கத்தில் நின்றிருந்த பெண்மணி, "அது நாடகத்துக்கு லைட் போட்ட வரைபடம் சார்" என்றார். சிரிக்கவில்லை. "குழாய் வரைபடமும் எங்ககிட்ட இருக்கு. அதைக் காட்சிக்கு வைக்கல."

அவர்தான் அந்த அரங்கத்தின் ஆவணக் காப்பாளர். அவர் சொன்னதுதான் இனி வருவது. சொன்னபடியே எழுதியிருக்கிறேனா என்றால், இல்லை. எழுதியதை அவருக்கு அனுப்பினேன். பென்சிலால் திருத்தித் திருப்பி அனுப்பினார். அந்தத் திருத்தங்களில் எனக்கு அதிகம் வலித்தவற்றை அடிக்குறிப்பாக அங்கங்கே விட்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

இருள் என்பது ஒளியின் இல்லாமை அல்ல, அது

அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டேன். அடுத்த முயற்சி:

அந்த அறையில் தூசி, ஒரு பழைய காதலைப் போல,

* காப்பாளரின் குறிப்பு: என் அறையில் தூசி கிடையாது. துடைப்பதற்கு ஆள் வருகிறார்.

மூன்றாவது முயற்சியில் காப்பாளரைத் தனியாக வாழும் பெண்ணாக்கி, சாளரத்தில் ஒரு பூனையை உட்கார வைத்து, அந்தப் பூனைக்கு ஒரு கண்ணை மட்டும்

* காப்பாளரின் குறிப்பு: எனக்குக் கணவர் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பூனை இல்லை.

ஆகவே நடந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன். இலக்கியம் வந்தால் வரட்டும்.

3

காப்பகம் அரங்கத்தின் மேல்மாடியில், உடை தைக்கும் கூடத்துக்கு நேர் மேலே இருந்தது. கீழே தையல் இயந்திரம் ஓடினால் மேலே மேசையில் பென்சில் தானாக உருளும். உள்ளே வருகிறவர்கள் கை கழுவ வேண்டும். பேனா கூடாது. காப்பாளர் அதட்டிப் பேசுகிறவர் அல்ல. ஆனால் யாராவது சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தால், குழந்தை கையில் கத்தியைப் பார்த்ததுபோல் எழுந்து வருவார்.

அங்கே ஒருநாள் தள்ளுவண்டி நிறையப் பெட்டிகள் வந்தன. கொடுத்தவர்கள் ஒரு கணவன் மனைவி. கணவர் ஒளியமைப்பாளர், எந்த நாடகத்தில் எந்த விளக்கு எங்கிருந்து எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று தீர்மானித்தே தலை நரைத்தவர். மனைவி நடிகை. பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டதால் சின்ன வீட்டுக்கு மாறினார்கள், பரணை ஒழித்தார்கள். "தூக்கிப் போடட்டுமா, உங்களுக்கு வேணுமா?" என்று நடிகைதான் போன் செய்தார்.

பெட்டிகளில் அவர் வரைந்த வரைபடங்கள் இருந்தன. எந்த வசனம் முடிந்ததும் எந்த விளக்கை ஏற்றி எதை இறக்குவது என்று எழுதிய தாள்கள் இருந்தன. நாடகக்காரர்கள் கியூ தாள் என்பார்கள். விளக்குக்கு முன்னால் செருகும் வண்ணத்தாள்களின் துணுக்குகள் ஓர் உறையில் இருந்தன. காப்பாளர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விருந்து முடிந்து ஊரே கை கழுவிப் போன பிறகு மளிகைச் சீட்டு மட்டும் மிஞ்சியது மாதிரிதான். இருந்தாலும் அவருக்கு இந்த வேலையில் அதுவே பிடித்திருந்தது. அணைத்தவுடன் இல்லாமல் போகிற ஒன்றுக்கு இவ்வளவு காகிதம் இருப்பது ஒரு ஆறுதல்.

பெட்டிகளில் பாதி ஒரே நாடகத்தைப் பற்றியவை. கதை சுருக்கமானது: மகன் மேல் ஒரு வழக்கு, தீர்ப்புக்காக நீதிமன்றத் தாழ்வாரத்தில் நாள் முழுக்கக் காத்திருக்கிறாள் தாய். கடைசிக் காட்சியில் கதவு திறக்கிறது, அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். பெஞ்சை விட்டு எழுந்து நிற்கிறாள். ஜன்னல் வெளிச்சம் சட்டம் போட்டதுபோல் அவள்மேல் விழுகிறது. திரை.

அந்த வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் விழும். மறுபாதி கும்மிருட்டு. தாயாக நடித்தவர் மேலே சொன்ன நடிகை. அந்தக் காட்சியின் புகைப்படம் பெரும் புகழ் பெற்றது. நீதியின் பாதி முகம் என்று ஒரு விமர்சகர் எழுதினார். சமூகம் பெண்ணைப் பாதிதான் பார்க்கிறது என்பதன் குறியீடு என்று இன்னொருவர் எழுதினார். மூக்கின் நிழலை மட்டும் வைத்து ஒரு மாணவர் முனைவர் பட்டம் வாங்கினார்.

இப்போது அதே அரங்கம் அதே நாடகத்தை மறுபடி மேடையேற்றியது. புது இயக்குநர், புது நடிகை. ஒளி மட்டும் பழையபடி, ஆவணத்தில் உள்ளபடி. கூடவே ஒரு கண்காட்சி. புகைப்படத்தின் கீழே வைக்கக் காப்பாளர் ஓர் அட்டை எழுதினார்: "இறுதிக் காட்சி. தாயின் பாதி முகத்தை இருளில் விட்டது ஒளியமைப்பாளரின் துணிச்சலான முடிவு." அச்சுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று ஒளியமைப்பாளருக்குப் போன் செய்தார். கேட்காமலே அச்சடித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

"படிச்சுக் காட்டும்மா" என்றார் அவர்.

படித்துக் காட்டினார்.

"ம். நல்லா இருக்கு."

போனில் பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "என்ன நல்லா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பழைய போட்டோ."

"அதுக்கு என்னன்னு எழுதியிருக்காங்க?"

அவர் அதை முணுமுணுப்பாகச் சொன்னார். பிறகு போன் கை மாறியது.

"துணிச்சலா?" என்றார் நடிகை. "அம்மா, அந்த நாடகம் நடந்த அத்தனை நாளும், வீட்டுக்கு வர்ற வழியெல்லாம், 'தரையில போட்ட குறியில நில்லு, குறியில நில்லு'ன்னு என்னைக் கரிச்சுக் கொட்டின மனுஷன் இவர். கேளுங்க அவரையே."

போன் திரும்பக் கை மாறியது. "லைட் சரியாத்தாம்மா இருந்துச்சு. அவதான் தள்ளி நின்னா."

"அப்போ துணிச்சலான முடிவுன்னு பெட்டியில இருந்த பழைய பேட்டியில சொல்லியிருக்கீங்களே சார்?"

"அது வேற."

"நான் நின்ன இடம் சரி" என்று தூரத்திலிருந்து நடிகை சொன்னது கேட்டது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

காப்பாளர் அட்டையின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பென்சிலில்.

4

மறுநாள் காலை இருவரும் நேரில் வந்துவிட்டார்கள். இரண்டு ஆட்டோவில். (இதை நான் சேர்த்தேன். ஒரே வண்டியில்தான் வந்தார்களாம். ஆனால் வாசலிலிருந்து மாடிவரை ஒரு பேச்சுப் பேசவில்லையாம். அதற்கு இரண்டு ஆட்டோ பரவாயில்லை என்று தோன்றியது.)

ஒளியமைப்பாளர் வரைபடத்தை விரித்தார். "இங்க பாரும்மா. இந்த விளக்கு. இந்தக் கோடு வந்து விழற இடத்துல குறி போட்டிருக்கேன். இதுல நின்னா முகம் முழுசா வெளிச்சம். எதுக்குப் பாதி? தாயோட முகத்தை ஜனங்க பார்க்க வேண்டாமா?" சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். அந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட்டுவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும் என்பதுபோல.

காப்பாளர் பேனாவை வாங்கித் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "போகும்போது தர்றேன் சார்."

"நான் போட்ட கோடும்மா அது!"

"நீங்க போட்டதுதான் சார். இங்க குடுத்துட்டீங்களே."

பெட்டியிலிருந்த மேடை நிர்வாகியின் பிரதியையும் எடுத்துப் பார்த்தார்கள். யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்பது அதில் இருக்கும். கடைசிக் காட்சிக்கு, "எழுகிறாள். பெஞ்சின் அருகே நிற்கிறாள்" என்று இருந்தது. பெஞ்சுக்கு நாலு பக்கமும் அருகுதான்.

[வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் ஒரு பழைய டைரி கிடைத்து உண்மை வெளிவரும் என்று எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். கிடைக்கவில்லை. காகிதம் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.]

ஒளியமைப்பாளர் வண்ணத்தாள் உறையில் மூழ்கிவிட்டார். காப்பாளர் நடிகையைத் தேநீர் குடிக்கத் தையல் கூடத்துக்குப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். நடிகை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"வீட்டுக்குள்ள அது என் தப்பு. வெளியில அது இவரோட மூளை. ரெண்டும் எப்படிம்மா ஒரே நேரத்துல இருக்கும்? ஒண்ணு, நான் தப்பா நின்னேன்னு பேப்பர்காரங்ககிட்டயும் சொல்லணும். இல்லையா, வீட்டுலயாவது வாயை மூடணும். இத்தனை வருஷம் பொறுத்தேன். பிள்ளைங்க இருந்த வீடு, சத்தம் கலந்து போச்சு. இப்ப ரெண்டே அறை. எங்க திரும்பினாலும் அவர் குரல்தான்."

காப்பாளர் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி மேசையில் வைத்தார். நடிகை தொடர்ந்தார்.

"நாடகம் தொடங்கற அன்னிக்கு வர்றேன். பார்த்துட்டு அப்படியே எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அக்கா ஒரு அறையை ஒழிச்சு வெச்சிருக்கா."

"எத்தனை நாளைக்கும்மா?"

"அக்கா எத்தனை நாளைக்குன்னு கேட்கல" என்றார் நடிகை.

5

(இந்தப் பகுதியை நீக்கிவிடலாமா என்று காப்பாளர் கேட்டார். நான் அவர் கணவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவருக்கு இதில் என்ன இருக்கிறதென்று புரியவில்லையாம். அதுவே போதும்.)

அன்று மாலை வீட்டில் காப்பாளர் தன் கணவரைக் கேட்டார். "இந்தப் புத்தக அலமாரியை இங்க வைக்கலாம்னு சொன்னது யாரு?"

"நான்தான். ஏன்?"

"போன மாசம் உங்க கால் இடிச்சுக்கிட்டப்போ, 'இதை யாரு இங்க வெச்சது'ன்னு என்னைத்தானே கத்தினீங்க?"

கணவர் கொஞ்சம் யோசித்தார். "வலியில சொன்னது."

"வர்றவங்க எல்லாம் 'அலமாரி அழகா இருக்கு'ன்னு சொல்லும்போது?"

"அப்ப வலி இல்லையே" என்றார் அவர். நியாயமாகத்தான் சொன்னார். காப்பாளருக்குத் தூக்கம் வர நேரமானது.

அவர் மனதில் ஓடியது இதுதான். அட்டையில் என்ன எழுதினாலும் அது நிலைத்துவிடும். நாளைக்கு யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால் அட்டையைத்தான் எழுதிக்கொண்டு போவார்கள். இத்தனை நாள் காகிதத்தில் இருப்பதை மட்டும் சொன்னால் போதும், யாருக்கும் அநியாயம் செய்யாதவளாக இருந்துவிடலாம் என்று நம்பியிருந்தார். காகிதத்தில் இல்லாத ஒருத்தியும் அந்தப் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

* காப்பாளரின் குறிப்பு: நான் இவ்வளவு அழகாக யோசிக்கவில்லை. "அட்டையை மாற்ற வேண்டியிருக்கும், அரங்க நிர்வாகி கத்துவார்" என்று யோசித்தேன்.

6

ஒத்திகை நாள் காலை. வெளியே வெயில் கொளுத்தியது. அரங்கத்துக்குள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட இருட்டு. ஆவணத்தில் உள்ளபடியே விளக்குகளைத் தொங்கவிட்டு, கோணம் பார்த்து, அதே நிற வண்ணத்தாளைச் செருகியிருந்தார்கள். ஒளியமைப்பாளரையும் நடிகையையும் இயக்குநர் அழைத்திருந்தார். காப்பாளர் வரைபடத்தின் நகலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

புது நடிகை பெஞ்சிலிருந்து எழுந்து குறியில் நின்றாள். விளக்கு ஏறியது. முகம் முழுக்க வெளிச்சம். பாஸ்போர்ட் படம் மாதிரி இருந்தது.

"எங்கயோ தப்பு" என்றார் இயக்குநர். "போட்டோவுல இப்படி இல்லையே. விளக்கைக் கொஞ்சம் திருப்புங்க."

"விளக்கைத் தொடாதே!" என்று எழுந்துவிட்டார் ஒளியமைப்பாளர். "விளக்கு சரி. வரைபடத்தைப் பாரு. வேணும்னா இந்தம்மாவைக் கேளு."

எல்லோரும் காப்பாளரைப் பார்த்தார்கள். காப்பாளர் வரைபடத்தைப் பார்த்தார். "விளக்கு வரைபடத்துல இருக்கறபடி சரியா இருக்கு" என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்ல உரிமை இல்லை.

"அப்போ அந்தப் பாதி முகம் எப்படி வந்துச்சு?" என்றார் இயக்குநர். முதல் முறையாக ஒருவர் இந்தக் கேள்வியை மேடையைப் பார்த்துக் கேட்டார்.

நடிகை இருக்கையிலிருந்து எழுந்தார். பக்கவாட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினார். புது நடிகை ஒதுங்கி இடம் விட்டாள். நடிகை பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, இருந்தும் கூப்பிட்டதுபோல் தலையை நிமிர்த்தி எழுந்தார். குறி வரை வந்தார். கதவு இருக்கும் திசையைப் பார்த்ததும் அவர் கால் தானாகப் பெஞ்சுப் பக்கம் அரை அடி நகர்ந்தது.

வெளிச்சத்தின் ஓரம் நெற்றியிலிருந்து முகவாய் வரை ஒரு கோடு கிழித்து நின்றது.

[இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். காலம், தோல், சுருக்கம், ஒளி என்றெல்லாம் வந்தது. எடுத்துவிட்டேன். அரங்கத்தில் யாரும் பேசவில்லை என்பதுதான் அதன் சுருக்கம்.]

அங்கே நின்றபடியே நடிகை பேசினார். இருட்டிலிருந்த பாதி வாயும் சேர்ந்துதான் பேசியது.

"மகனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாத ஒருத்தி, கூப்பிட்டதும் போய் வெளிச்சத்துல நிப்பாளாங்க? கொஞ்சம் பின்வாங்க மாட்டாளா? முதல் நாள் கால் தானா போச்சு. மறுநாள்லருந்து நான்தான் வெச்சேன். ஒவ்வொரு நாளும் நான்தான் வெச்சேன்."

ஒளியமைப்பாளர் நடுவழியில் நின்றுகொண்டிருந்தார். "இதை நீ என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன பண்ணியிருப்பேன்? நீ சொன்னபடி விட்டிருப்பேன்."

"விட்டிருக்க மாட்டீங்க. 'பாதி இருட்டா, நல்ல யோசனை'ன்னு சொல்லியிருப்பீங்க. சொல்லிட்டு அந்த இருட்டை அழகு பண்ணியிருப்பீங்க. பின்னாலருந்து ஒரு சின்ன விளக்கு. அதுல லேசா ஒரு நீலம்."

அவர் மறுக்க வாயைத் திறந்தார். திறந்த வாயோடு மேடையைப் பார்த்தார். கண் மட்டும் மேலே விளக்குக் குழாய்களில் எதையோ தேடியது; அந்தச் சின்ன விளக்கை எங்கே தொங்கவிட்டிருப்பார் என்று.

"நீலம்..." என்றார். "ரொம்ப லேசா... ஆமா. போட்டிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றார் நடிகை.

ஒளியமைப்பாளர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு காப்பாளரிடம் திரும்பி, "எழுதிக்கோம்மா. வெளிச்சம் என்னோடது, இருட்டு அவளோடது" என்றார்.

* காப்பாளரின் குறிப்பு: அவர் அப்படிச் சொல்லவில்லை. "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

நான் அந்த வரியை எடுக்கவில்லை. கெட்ட பழக்கம்தான். ஆனால் தண்ணீர் கேட்டதுதான் நிஜம் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

மேடையிலிருந்து இறங்கி வந்த நடிகையிடம் காப்பாளர் மெதுவாகக் கேட்டார். "அப்போ அக்கா வீட்டுக்கு...?"

"அது அப்படியேதாம்மா இருக்கு. ஒரு நாள் அவர் ஒத்துக்கிட்டா இத்தனை வருஷமும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமா?"

7

அட்டையைக் காப்பாளர் மாற்றி எழுதினார். "இறுதிக் காட்சி. ஒளி: ஒளியமைப்பாளர். நின்ற இடம்: நடிகை." அரங்க நிர்வாகியிடம் கொண்டுபோனார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"நின்ற இடம்னு ஒரு வேலை இருக்கா?"

"இருந்திருக்கு சார்."

"இதுக்கு ஆவணம் இருக்கா? நீங்கதான் எப்பவும் கேப்பீங்க, ஆவணம் எங்கன்னு."

"இருக்கு சார். அந்தம்மா உயிரோட இருக்காங்க."

"போட்டோவுல அவங்க நிக்கறது யாருக்கும் தெரியாதா என்ன? நிக்கறதுக்கு ஒரு பாராட்டா? அப்புறம் உட்கார்ந்தவங்க எல்லாம் வந்து கேப்பாங்க."

"கேட்டா விசாரிச்சுப் போடலாம் சார்" என்றார் காப்பாளர். குரலை உயர்த்தவில்லை, ஆனால் எதிரிலிருந்து நகரவும் இல்லை. நிர்வாகிக்கு வேறு வேலைகள் இருந்தன. கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஒளியமைப்பாளர் போன் செய்தார். தன் பெயரை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

"ஏன் சார்? விளக்கு நீங்க போட்டதுதானே?"

"போட்டது நான்தான். ஆனா வீட்டுல இப்ப பேச்சே இல்ல. முன்னே சண்டையாவது இருந்துச்சு. என் பேரை எடுத்துட்டா, ஒருவேளை..."

"சார், எடுக்க முடியாது. அந்தப் பக்கத்து வெளிச்சம் இல்லாம இந்தப் பக்கம் இருட்டே தெரியாது."

"இது நல்லா இருக்கே" என்றார் அவர். "இதைப் போய் அவகிட்டச் சொல்லட்டுமா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் காப்பாளர். "நீங்க சொன்னதா சொல்லாதீங்க."

8

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாடகம் தொடங்கியது. கணவனும் மனைவியும் தனித்தனியாக வந்தார்கள். நடிகை இடப்பக்கம் நடுவரிசையில். ஒளியமைப்பாளர் வலப்பக்கம் ஓரத்தில். காப்பாளர் கடைசி வரிசையிலிருந்து இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததில் நாடகத்தைப் பாதிதான் பார்த்தார்.

தொடங்கும் முன் புது நடிகை நடிகையிடம் வந்து கேட்டிருந்தாள். "நான் எங்க நிக்கட்டும்? குறியிலயா, நீங்க நின்ன இடத்துலயா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அது என் காலு" என்று சொல்லிவிட்டார் நடிகை.

கடைசிக் காட்சி வந்தது. கதவு திறந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். புது நடிகை எழுந்தாள். ஓர் அடி எடுத்து வைத்தாள். திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜன்னல் வெளிச்சம் அவள் தலைக்கு மேலே போய் வெறும் சுவரில் சதுரமாக விழுந்தது. அங்கே யாருமில்லை. அவள் முழுக்க இருட்டில் இருந்தாள்.

"தப்பு" என்றது ஒரு குரல், இடப்பக்கத்திலிருந்து. "தப்பு" என்றது இன்னொன்று, வலப்பக்கத்திலிருந்து. இரண்டும் ஒரே நொடியில். திரை இறங்கியது.

ஜனங்கள் அது நாடகத்தில் உள்ளதென்று நினைத்துக் கைதட்டினார்கள். பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து எழும் அந்த இரண்டு தீர்ப்புக் குரல்கள் இயக்குநரின் துணிச்சலான முடிவு என்று மறுநாள் ஒரு விமர்சகர் எழுதினார்.

அரங்கம் காலியானது. இருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒளியமைப்பாளர் எழுந்து இடப்பக்கம் வந்தார். பக்கத்தில் உட்காரவில்லை, ஒரு வரிசை பின்னால் உட்கார்ந்தார். நடிகை திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே பேச்சு நடந்தது. கண்காட்சியைப் பூட்டச் சாவியோடு போய்க்கொண்டிருந்த காப்பாளருக்குக் கேட்டது.

"எழுந்து நின்னாத்தானே அது சீன்" என்றார் ஒளியமைப்பாளர்.

"அதானே. உட்கார்ந்துட்டா அப்புறம் எதுக்கு அவ்வளவு நேரம் காத்திருந்தா?"

"சுவத்துல வெளிச்சம் விழுந்தது நல்லாத்தான் இருந்துச்சு."

"அது நல்லா இருந்துச்சு. இல்லேங்கல. ஆனா தப்பு."

"தப்புதான்." கொஞ்சம் பொறுத்து, "நீ இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"இப்பவா, அப்பவா?"

"இப்ப."

நடிகை உடனே பதில் சொல்லவில்லை. காப்பாளர் அங்கே நின்று கேட்பது முறையல்ல என்று போய்விட்டார்.

9

இதற்கு நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் நடிகை கணவரோடு வீட்டுக்குப் போகிறார். படித்த நண்பர்கள் எல்லோருக்கும் இது பிடித்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

இரண்டாவதில் அக்கா வீட்டுக்குப் போகிறார். ஒளியமைப்பாளர் நாள்தோறும் அங்கே போய் வாசலில் நின்று பேசிவிட்டு வருகிறார். இந்த முடிவில் அக்காவுக்குக் கோபம் வந்து, கதை அக்காவுடையதாகிவிட்டது.

மூன்றாவதில் அவர் இரண்டு வீட்டுக்கும் போகாமல்

மூன்றையும் காப்பாளருக்கு அனுப்பினேன். மூன்றின் ஓரத்திலும் "ஆதாரம் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். போன் செய்தேன்.

"உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"சொல்லுங்களேன்."

"அவங்க குடுத்த பெட்டியில அது இல்ல சார்."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். கல்லில் நார் உரிக்கிற கதைதான். கடைசியில், "நீங்க எழுதினா அழகா எழுதிடுவீங்க சார்" என்றார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது பாராட்டு இல்லை என்பது சாப்பிடும்போதுதான் உறைத்தது.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். கேட்ட கேள்விக்கு நடிகை என்ன பதில் சொன்னார், எந்த வீட்டுக்குப் போனார், இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். நீலம் மட்டும் போட வேண்டாம்.

இப்போதைக்கு அவர்கள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வரிசை இடைவெளியில். கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வாசலில் வந்து நிற்கிறார். அவருக்கு இன்னும் மாடிப்படி பாக்கி இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள்.